எடேல் – மாம் டோர் – ஹோப்: கூட்டாக ஒரு மலை நடை, முடிவில் பப் சாப்பாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து நடந்துவிட்டு, ஊர்ப் பப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். முதல்முறை இப்படிக் கிளம்பும் தமிழ்க் குழுக்களுக்காக இந்தப் பக்கம். இந்த மாதிரி நாள்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் மலையில் அல்ல, கடிகாரத்தில். பசியோடு இறங்கி வந்தால் பப்பின் சமையலறை மூடியிருக்கும். சாப்பிட்டு முடித்தால் ரயில் போயிருக்கும். ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: முதலில் திரும்பும் ரயில், அடுத்து பப் மேசை, அதற்கப்புறம்தான் மலை.

எந்தப் பாதை? எவ்வளவு தூரம்?

எடேல் ரயில் நிலையத்தில் தொடங்கி ஹோப் ரயில் நிலையத்தில் முடியும் பாதை. மொத்தம் சுமார் 12 கி.மீ., ஏற்றம் எல்லாம் சேர்த்துச் சுமார் 420 மீட்டர்.

எடேலிலிருந்து பள்ளத்தாக்கின் தெற்குச் சரிவில் ஏறி ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு வர வேண்டும். பெயரில் சிலுவை இருந்தாலும் இன்று அங்கே சிலுவை இல்லை. கல்லால் ஆன ஒரு திசைகாட்டி மேடைதான் இருக்கிறது. எடேலுக்குச் சொந்தமாகத் தேவாலயம் இல்லாத காலத்தில் இறந்தவர்களை இந்தக் கணவாய் வழியாகத்தான் காசில்டனுக்குச் சுமந்து போனார்கள். அங்கிருந்து வலது பக்கம் திரும்பி, கல் பாவிய முகட்டுப் பாதையில் மேற்கே போனால் மாம் டோர் உச்சி, 517 மீட்டர். வந்த வழியே ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி, அதே முகட்டில் கிழக்கே பாக் டோர் வழியாக லூஸ் ஹில் உச்சிக்கு, 476 மீட்டர். பிறகு ஹோப் ஊருக்கு இறக்கம்.

எதிர்த்திசையில் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம், ஆனால் வேண்டாம் என்போம். பாக் டோரின் மேற்குப் பக்கம் செங்குத்தானது. மண் அரித்து, உதிரிக் கல் நிறைந்த துண்டு அது. நாங்கள் சொல்லும் திசையில் வந்தால் அதில் ஏறுவீர்கள். மாற்றி வந்தால் இறங்குவீர்கள். ஈர நாளில் வழுக்கி விழுவது இறங்குபவர்தான்.

எங்கள் குழுவில் 60 வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். முடியுமா?

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் விடாமல் நடக்கும் பழக்கம் இருந்தால் முடியும். இங்கே கை ஊன்றி ஏறும் பாறை இல்லை. மூச்சு வாங்குவது இரண்டு இடங்களில்: தொடக்கத்தில் ஹாலின்ஸ் கிராஸ் வரை, பிறகு பாக் டோரில். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிடக் கடைசி இறக்கம்தான் சோதனை. லூஸ் ஹில்லிலிருந்து ஹோப் வரை சுமார் 300 மீட்டர் இறங்க வேண்டும். அவர்களிடம் இரண்டு நடைக்கோல்கள் இருக்கட்டும். இறங்கும்போது கோலைச் சற்று நீட்டிப் பிடித்தால் பாரம் முட்டியிலிருந்து தோளுக்கு மாறும்.

இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் அதை வழிநடத்துபவரிடம் மட்டுமாவது முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை, இன்ஹேலர், இன்சுலின் எல்லாம் அவரவர் பையில். வீட்டுக்காரர் பையில் அல்ல. கூட்டத்தில் கணவர் முன்னாலும் மனைவி பின்னாலும் நடப்பது சர்வசாதாரணம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கே எல்லாரும் பயன்படுத்துவது நெய்ஸ்மித் விதி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்தது. இன்றைய அளவில் சொன்னால்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். இந்தப் பாதைக்கு 12 கி.மீ. என்றால் 2 மணி 24 நிமிடம். 420 மீட்டருக்கு 42 நிமிடம். சுமார் 3 மணி 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது உடம்பு பழகிய ஒருவர் நிற்காமல் நடக்கும் நேரம். குழுவின் வேகம் சராசரி வேகம் அல்ல, மிக மெதுவாக நடப்பவரின் வேகம். அதற்கு மேல் பன்னிரண்டு பேர் ஒரு வாயிற்கதவைத் தாண்டவே இரண்டு மூன்று நிமிடம் போகும். ஒருவர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தால் பின்னால் நால்வர் நிற்பார்கள். ஆகவே மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், படம் எடுக்க, தண்ணீர் குடிக்க 20 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்.

காலை 10 மணிக்கு எடேலில் அடி எடுத்து வைத்தால் பிற்பகல் 3 மணிக்கு ஹோப். பப் மேசையை 3:30-க்குச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரத்தை வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள்.

இடையில் சரிபார்க்க ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்: மாம் டோர் போய்விட்டு இரண்டாவது முறை ஹாலின்ஸ் கிராஸுக்கு வரும் நேரம். அது 12:45-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் லூஸ் ஹில்லை விட்டுவிட்டு, தெற்கே காசில்டனுக்கு இறங்கிவிடலாம். வடக்கே இறங்கினால் எடேல். முகட்டின் நடுவில் இப்படி இரண்டு பக்கமும் தப்பும் வழி இருப்பதுதான் முதல்முறை வருபவர்களுக்கு இந்தப் பாதையைச் சொல்லக் காரணம்.

ரயிலா, காரா?

ரயில். ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஓடும் ஹோப் பள்ளத்தாக்குத் தடத்தில் எடேலும் ஹோப்பும் அடுத்தடுத்த நிலையங்கள். ஷெஃபீல்டிலிருந்து எடேலுக்கு அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். மான்செஸ்டர் பிக்காடிலியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல். தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறாக இருப்பதால் கார் வைத்தால் திரும்ப வந்து எடுக்க வேண்டும். பப்பில் குடிக்க நினைப்பவர்களுக்கும் ரயில்தான் நிம்மதி.

மூன்று எச்சரிக்கைகள். இந்தத் தடத்தில் விரைவு ரயில்களும் ஓடுகின்றன. அவை எடேலிலும் ஹோப்பிலும் நிற்காமல் போய்விடும். நார்தர்ன் நிறுவனத்தின் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்து, தூரமான நிலையத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் வாங்குங்கள்: ஷெஃபீல்டிலிருந்து வருபவர்கள் எடேலுக்கு, மான்செஸ்டரிலிருந்து வருபவர்கள் ஹோப்புக்கு. மற்ற நிலையம் வழியில்தான் இருக்கிறது. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை நடந்து ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதுண்டு. முந்தின வாரம் ஒருமுறை, முந்தின இரவு ஒருமுறை நேரத்தைப் பாருங்கள்.

ஹோப் நிலையம் ஊருக்குள் இல்லை. பப்பிலிருந்து கிழக்கே 15 முதல் 20 நிமிட நடை. சாப்பிட்ட களைப்பில் இதை மறந்துவிட்டு ரயில் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்திருக்கும் குழுக்கள் உண்டு. அரை மணி முன்னால் எழுந்திருங்கள்.

பப்பை நடைக்கு நடுவில் வைத்தால் என்ன?

காசில்டன் முகட்டுக்கு நேர் கீழே இருக்கிறது, அங்கே நிறையப் பப்கள் உண்டு, இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறலாமே என்று தோன்றும். ஏறும்போது தெரியும். ஏறத்தாழ 200 மீட்டர் ஏற்றம், வயிறு நிறைய உருளைக்கிழங்கு வறுவலோடு. ஒரு மணி நேரம் உட்கார்ந்த கால் விறைத்திருக்கும். வியர்வையில் நனைந்த பனியன் குளிர்ந்திருக்கும். இரண்டு பேர் "நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம்" என்பார்கள், குழு அங்கேயே உடையும். பப் முடிவில் இருந்தால் கடைசி இறக்கத்தில் சோர்ந்தவர்களையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

மேசை முன்பதிவு அவசியமா? என்ன சொல்ல வேண்டும்?

ஆறு பேருக்கு மேல் என்றால் அவசியம். சனி, ஞாயிறுகளில் நான்கு பேருக்கே இடம் கிடைக்காது. இணையத்தில் பதியும் வசதி இருந்தாலும் பெரிய குழுவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். கேட்க வேண்டியவை இவை:

முதல் கேள்வி, "3:30-க்குச் சமையலறை திறந்திருக்குமா?" பப் திறந்திருப்பதும் சமையலறை திறந்திருப்பதும் வேறு வேறு. கிராமத்துப் பப்கள் பலவற்றில் மதியச் சாப்பாடு 2 அல்லது 2:30-க்கு முடிந்து, மாலை 5:30 அல்லது 6-க்குத்தான் அடுப்பு மறுபடி எரியும். நடுவில் போனால் பீரும் பொட்டலச் சிப்ஸும்தான். அப்படி இடைவெளி விடும் பப் என்றால் கோடையில் நடையை 12 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு மேசை சொல்லுங்கள். குளிர்காலத்தில் பப்பை மாற்றுங்கள். ஞாயிறு ரோஸ்ட் (ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) இன்னும் சிக்கல்: நேரம் இருக்கும், சாப்பாடு தீர்ந்திருக்கும்.

அடுத்து, நடந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். கல் தரை போட்ட பகுதியில் மேசை ஒதுக்குவார்கள். உணவுப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பி எல்லாருடைய தேர்வையும் கேட்கிறார்களா, முன்பணம் உண்டா, நாய் வரலாமா, எத்தனை பேர் சைவம் என்பதையும் அதே அழைப்பில் முடித்துவிடுங்கள். ஆள் எண்ணிக்கை மாறினால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு பேருக்கு வைத்த இடத்தில் எட்டுப் பேர் போய் நின்றால் ஒரு சின்ன ஊர்ப் பப்புக்கு அது உண்மையான நஷ்டம்.

லூஸ் ஹில் உச்சியிலிருந்து, தொலைபேசி சிக்னல் கிடைத்தால், "ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம்" என்று ஒரு தகவல் கொடுங்கள்.

சேறு படிந்த பூட்ஸோடு உள்ளே போகலாமா?

வாசலில் பலகை இருக்கும். "சேற்று பூட்ஸ் வரவேற்கப்படும்" என்று எழுதிய இடங்களும் உண்டு, கழற்றச் சொல்லும் இடங்களும் உண்டு. பலகை இல்லையென்றால் வாசல் சுரண்டியில் அடிப்பகுதியைத் தேய்த்துவிட்டு, உள்ளே எட்டிக் கேளுங்கள். கழற்றச் சொன்னால் காலுறையோடு பப்புக்குள் நடப்பதை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். பையில் உலர்ந்த காலுறை ஒரு ஜோடியும் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றும் வைத்திருந்தால் பூட்ஸைப் பைக்குள் போட்டு மேசைக்கு அடியில் வைத்துவிடலாம். நனைந்த மழைக்கோட்டை மெத்தை நாற்காலியின் முதுகில் போடாதீர்கள்.

உள்ளே போய் எப்படி ஆர்டர் செய்வது?

மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள். பெரும்பாலான பப்களில் பாருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கட்ட வேண்டும். மேசை எண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள். பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் போய் நிற்காமல் ஒருவர் தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.

பைண்ட் என்பது 568 மி.லி., அரை பைண்ட் 284 மி.லி. பீப்பாயிலிருந்து கைப்பிடியால் இழுத்து ஊற்றும் ஏல் என்ற பீர் வகை ஐஸ் போலக் குளிர்ந்திருக்காது. பாதாள அறையின் குளிர்ச்சிதான் இருக்கும். அது கெட்டுப்போன பீர் அல்ல. பிடிக்குமா என்று தெரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், தருவார்கள்.

ஒருவர் எல்லாருக்கும் வாங்குவது, அடுத்த சுற்று அடுத்தவர் என்பது பிரிட்டிஷ் வழக்கம். நான்கு பேருக்கு அது சரி. பன்னிரண்டு பேருக்குச் சரிவராது: முறை எல்லாருக்கும் வராது, பழச்சாறு குடித்தவர் மற்றவர்களின் பீருக்குப் பணம் கட்டுவார். அவரவர் பானத்துக்கு அவரவர் கட்டுங்கள்; சாப்பாட்டை மட்டும் ஒருவர் கார்டில் கட்டிவிட்டு அன்றிரவே பிரித்துக்கொள்ளுங்கள். பாரில் வாங்குவதற்கு டிப்ஸ் எதிர்பார்ப்பு இல்லை. மேசைக்கு வந்து பரிமாறினால், பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குடிக்காதவர்கள் பப்புக்கு வரலாமா?

தாராளமாக. எலுமிச்சைச் சாறு கலந்த சோடா, எல்டர்ஃப்ளவர் பானம், ஆல்கஹால் இல்லாத பீர், தேநீர், காபி எல்லாம் கிடைக்கும். மது விற்கும் இடங்கள் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி. "ஒரு கிளாஸ் குடித்தால் என்ன" என்று வற்புறுத்தும் பழக்கம் நம் கூட்டங்களில் உண்டு. அதை மலை அடிவாரத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டியலில் சைவக் குறி போட்ட உணவு இரண்டு மூன்றாவது இருக்கும். சிக்கல் குறி போடாத துணை உணவுகளில்தான். உருளைக்கிழங்கு வறுவலை மீன் பொரித்த அதே எண்ணெயில் போடுவதுண்டு. வட இங்கிலாந்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கமும் இருக்கிறது. ரோஸ்ட் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வெந்திருக்கலாம். ரோஸ்ட்டோடு வரும் யார்க்ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டத்தில் முட்டை நிச்சயம் உண்டு. கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. சைவக் கிரேவி தனியாகக் கேட்க வேண்டும். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் சேரும். பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்துவது பழைய முறை, இன்றும் பல இடங்களில் தொடர்கிறது.

"சைவமா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம்" என்ற பதில் வந்துவிடும். "எதில் பொரிக்கிறீர்கள்? தனி எண்ணெயா?" என்று கேளுங்கள். ஒவ்வாமை தரும் 14 பொருட்களைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் சட்டக் கடமை; வேர்க்கடலை, எள், பால், மீன் எல்லாம் அதில் அடக்கம்.

கொண்டுபோன கட்டுச்சோற்றைப் பப்பில் பிரிக்கலாமா?

கூடாது. வெளி மேசைகளிலும் கூடாது. கட்டுச்சோறு மலையில்.

மலையில் என்ன சாப்பிடுவது? எவ்வளவு தண்ணீர்?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் இரண்டு. முகட்டில் குடிநீர் கிடையாது. ஆடு மேயும் சரிவின் ஓடைகளை நம்பாதீர்கள். குளிர்காலத்தில் சிறு ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுபோனால் மதிப்பு தெரியும்.

புளியோதரை, தயிர்சாதம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் காற்று அடிக்கும் முகட்டில் கை கழுவ இடமில்லை, கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும், சோறு ஆறி இறுகிவிடும். சப்பாத்தியில் உருளைக்கிழங்கு மசாலாவோ முட்டைப் பொரியலோ வைத்துச் சுருட்டித் தாளில் மடித்துக்கொண்டால் நின்றபடியே சாப்பிடலாம். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரே மூச்சில் வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு வாய் சாப்பிடுவது நல்லது.

பழத்தோல் மக்கிவிடும் என்று வீசாதீர்கள். இந்தக் குளிரில் ஆரஞ்சுத் தோல் மக்க நெடுநாள் ஆகும். அடுப்பு, பார்பிக்யூ எதுவும் கூடாது. காய்ந்த முள்செடியும் புல்லும் கரிமண்ணும் தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே நாள்கணக்கில் எரியும்.

என்ன உடுத்துவது?

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நீரை உறிஞ்சிக்கொண்டு காயாமல் உடம்புச் சூட்டை இழுக்கும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழை அல்லது கம்பளி பனியன், அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடி உள்ள மழைக்கோட்டு. மழைக்கால்சட்டையும் பையில் இருக்கட்டும். தொப்பி, கையுறை ஜூலையிலும் எடுத்துக்கொள்ளுங்கள்: உச்சியில் அடிவாரத்தைவிட இரண்டு டிகிரிதான் குறைவு என்றாலும் காற்று அதை இன்னும் பலமடங்காக உணர வைக்கும்.

ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் வியர்த்து, உச்சியில் நிற்கும்போது அந்த வியர்வையே நடுங்க வைக்கும். நின்றவுடன் மேலாடையைப் போடுங்கள், குளிர்ந்த பிறகு அல்ல.

பூட்ஸின் அடிப்பகுதியில் ஆழமான வரி இருக்க வேண்டும். புதிது என்றால் வீட்டருகே மூன்று நான்கு முறை போட்டு நடந்துவிட்டு வாருங்கள். குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று கொப்புளப் பட்டை ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டினால் வலி குறையும், நடை சரியாகாது.

வழிநடத்துபவர் என்ன செய்ய வேண்டும்?

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் நடப்பவர் பாதை தெரிந்தவராக, பொறுமைசாலியாக இருக்க வேண்டும். அவரை யாரும் பின்னால் விட்டுப் போகக் கூடாது. முன்னால் நடப்பவர் ஒவ்வொரு வாயிற்கதவிலும், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று ஆட்களை எண்ண வேண்டும். பெயர் சொல்லி அல்ல, எண்ணிக்கை சொல்லி.

எல்லாக் குழுக்களும் செய்யும் தவறு ஒன்று உண்டு. முன்னால் போனவர்கள் நின்று, இளைப்பாறி, பின்னால் வந்தவர்கள் சேர்ந்த உடனே கிளம்பிவிடுவார்கள். யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் எண்ணத் தொடங்குங்கள். மெதுவாக நடப்பவரை முன்னாலிருந்து இரண்டாவதாக நடக்க விட்டால் வேகம் தானாகச் சரியாகும்.

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர் போதும். இருபது பேர் வந்தால் இரண்டாகப் பிரித்துக் கால் மணி இடைவெளியில் அனுப்புங்கள்.

தொலைபேசியில் வரைபடம் போதாதா?

நாள் முழுக்கப் போதும், அது அணையாத வரை. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், மழையில் தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசையில் ஓ.எல். 1 என்ற தாள் வரைபடம் ஒன்று குழுவில் இருக்கட்டும். அளவு 1:25,000, அதாவது வரைபடத்தில் 4 செ.மீ. தரையில் 1 கி.மீ. பச்சைக் கோடிட்ட பாதைகள் பொதுவழி. கருப்புக் கோடிட்ட பாதை தரையில் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், நடக்க உரிமை இருக்கிறது என்று அல்ல. திசைகாட்டி ஒன்றும் வேண்டும்: மூடுபனியில் மாம் டோர் உச்சியிலிருந்து வடகிழக்கே திரும்ப வேண்டியவர்கள் தென்மேற்கே சாலைக்கு இறங்கிவிடுவது எளிது.

எந்த வானிலையில் நடையைத் தள்ளிவைப்பது?

மழைக்காக மட்டும் தள்ளிவைத்தால் இங்கிலாந்தில் நடக்கவே முடியாது. காற்றுக்கும் இடிக்கும்தான் பயப்பட வேண்டும். பிரிட்டனின் வானிலை அமைப்பான மெட் ஆபீஸ் பீக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு என்று தனி மலை வானிலை தருகிறது. ஊர் வானிலையைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். உச்சியில் வீச்சு மணிக்கு 40 மைலைத் தாண்டும் என்றால் முகட்டை விட்டுவிடுங்கள், ஏனென்றால் இந்தப் பாதையில் பாதிக்கு மேல் மறைவே இல்லாத முகடு. இடி முன்னறிவிப்பு இருந்தாலும் அப்படியே. அன்று எடேல் பள்ளத்தாக்குக்குள் வயல் வழியாக நடந்துவிட்டு அங்கேயே பப்புக்குப் போகலாம், நாள் வீணாகாது.

டிசம்பர் கடைசியில் சூரியன் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதை மறந்து இருட்டில் மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். முதல்முறைக்கு மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள்.

இது எல்லாம் தனியார் நிலம்தானே? எந்த உரிமையில் நடக்கிறோம்?

நல்ல கேள்வி. முகட்டில் நின்று வடக்கே பார்த்தால் எடேலுக்கு அந்தப் பக்கம் நீண்டு கிடக்கும் மேடு கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். ஒரு காலத்தில் அங்கே நடக்க விடமாட்டார்கள். பணக்காரர்கள் கிரவுஸ் பறவை சுடுவதற்காக ஆள் வைத்துக் காத்த நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னின்று, ஹேஃபீல்டு ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி அதில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாகப் பீக் டிஸ்ட்ரிக்ட், 2000-இல் திறந்தவெளி நிலத்தில் நடக்கும் உரிமைச் சட்டம் எல்லாம் அதன் பிறகு வந்தவை.

நீங்கள் ஏறும் லூஸ் ஹில்லுக்கே இதில் பங்கு உண்டு. 1900-இல் ஷெஃபீல்டு கிளாரியன் ராம்ப்ளர்ஸ் என்ற தொழிலாளர் நடைக் குழுவைத் தொடங்கிய ஜி. எச். பி. வார்டுக்கு 1945-இல் இந்த உச்சி நிலத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதை, நிலங்களைப் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டார். இன்றும் வரைபடத்தில் அதன் பெயர் வார்டுஸ் பீஸ். மதியச் சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

உரிமையோடு கடமையும் உண்டு. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்: மூடியிருந்தால் மூடுங்கள், விவசாயி திறந்து வைத்திருந்தால் திறந்தே விடுங்கள், ஆடு தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கும். கல் சுவரின் மேல் ஏறாதீர்கள். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்தவெளி நிலத்தில் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும்; தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது.

மாடுகள் வழியில் நின்றால்?

கன்றோடு இருக்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். சத்தமில்லாமல் சுற்றிப் போங்கள். மாடு நாயைத் துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும், உங்களால் ஓட முடியாது.

மாம் டோரைச் "நடுங்கும் மலை" என்கிறார்களே, ஆபத்தா?

பாதையில் ஆபத்து இல்லை. அதன் கிழக்கு முகம் மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கிய சரிவு; மழையில் களிப்பாறை இளகி, மேலுள்ளது நழுவும். அடியில் ஓடிய ஏ625 சாலை திரும்பத் திரும்ப உடைந்து 1979-இல் ஒரேயடியாக மூடப்பட்டது. படம் எடுப்பதற்காக அந்த விளிம்புக்குப் போகாமல் கல் பாவிய பாதையிலேயே இருங்கள். உச்சியைச் சுற்றித் தெரியும் மண்வரப்பு பழங்காலக் கோட்டையின் அரண். பிள்ளைகளை அதில் சறுக்கி விளையாட விடாதீர்கள்.

கழிவறை?

எடேலில் நிலையத்துக்குப் பக்கத்து வாகன நிறுத்தத்தில் இருக்கிறது. அடுத்தது பப்பில்தான். நடுவில் தவிர்க்க முடியாதபோது பாதையிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளிப் போங்கள். பயன்படுத்திய தாளை ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

யாராவது விழுந்து கால் உடைந்தால்?

999 அல்லது 112. முதலில் காவல்துறையைக் கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். நேரே ஆம்புலன்ஸ் கேட்டால் அந்த வண்டி முகட்டுக்கு வராது, நேரம் போகும். இடத்தை வரைபடக் கட்ட எண்ணில் சொல்லுங்கள்: மாம் டோர் உச்சி எஸ்.கே. 127 836, லூஸ் ஹில் எஸ்.கே. 153 853. மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது.

சிக்னல் மெலிந்திருந்தால் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பதிவு என்று பொருள்படும் "ரெஜிஸ்டர்" என்ற சொல்லை 999-க்கு இப்போதே அனுப்பிவிடுங்கள். சிக்னலே இல்லையென்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதலாக வரும். வந்த பிறகும் நிறுத்தாமல் ஊதுங்கள், அதை வைத்துத்தான் அவர்கள் வந்து சேர்வார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் அடிபட்டவரைக் கொல்லப் பார்ப்பது குளிர். முதுகுக்கு அடியில் பைகளைப் பரப்புங்கள், தரைதான் சூட்டை அதிகம் உறிஞ்சும். எல்லாருடைய உபரி உடையும் அவருக்கு. குழுவில் ஒரு பெரிய காற்றுத்தடுப்புத் துணிக்கூடு இருந்தால் நாலைந்து பேர் அவரோடு உள்ளே உட்காரலாம். பிராந்தி கொடுக்காதீர்கள், அது தோலின் ரத்த நாளங்களை விரித்து உடம்புச் சூட்டை இன்னும் வெளியேற்றும்.

உண்ணி கடிக்குமா?

இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை புதர்ப் புல்லில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்புறம், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டைப் பகுதி, பிள்ளைகளின் முடியோரம் பாருங்கள். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு, வாஸ்லைன் வைக்காதீர்கள். அடுத்த சில வாரங்களில் வட்டமாகப் படரும் சிவப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பப்புக்குக் கூட்டிப் போகலாமா?

பெரியவர் உடன் இருந்தால் கிராமத்துப் பப்கள் பெரும்பாலும் சம்மதிக்கும். இரவு எத்தனை மணி வரை என்பது பப்புக்குப் பப் மாறும். மது வாங்க 18 வயது நிரம்ப வேண்டும். 16, 17 வயதினர், பெரியவர் வாங்கித் தந்தால், மேசைச் சாப்பாட்டோடு பீர், ஒயின், சைடர் (ஆப்பிள் மது) குடிக்கச் சட்டம் இடம் தருகிறது, பப் மறுக்கலாம். 25-க்குக் குறைவாகத் தெரிபவர்களிடம் அடையாள அட்டை கேட்பார்கள், எடுத்துச் செல்லுங்கள்.

ரயிலைத் தவறவிட்டுவிட்டோம். என்ன செய்வது?

ஹோப் நிலையத்தில் காத்திருப்பு அறையும் கடையும் தேடாதீர்கள். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் போல ஆகலாம் என்றால் ஊருக்குள் திரும்பி நடங்கள்: காசில்டனிலிருந்து ஹோப் வழியாக ஷெஃபீல்டுக்கு 272 எண் பேருந்து ஓடுகிறது. அதன் கடைசி நேரத்தைக் காலையிலேயே தாளில் எழுதி வைத்திருங்கள். டாக்சி இங்கே தெருவில் நிற்காது, செயலியில் வராது. பப்பில் கேட்டால் உள்ளூர் எண் தருவார்கள், ஆனால் பன்னிரண்டு பேருக்கு மூன்று வண்டி வேண்டும், சனிக்கிழமை இரவில் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது.